வயிறா, மூளையா? தின்னும் போட்டிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 முடிந்ததும் ‘10 நிமிடத்தில் இத்தனை ஹாட் டாக்’ என்று ஒரு செய்தி சுற்றுக்கு வரும். கூடவே, இதெல்லாம் ஒரு விளையாட்டா, அவ்வளவும் எங்கே போகிறது, நம்மால் முடியுமா என்ற கேள்விகளும் வரும். அவற்றுக்கான பதில்கள் இங்கே. சில பதில்கள் வயிற்றை விட்டு விலகி ஓட்டப்பந்தயம், சைக்கிள் பந்தயம் என்றும் போகும்.

எந்தப் போட்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் நேத்தன்ஸ் ஃபேமஸ் என்ற ஹாட் டாக் கடை அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று நடத்தும் போட்டி. நீளமான பன்னுக்குள் ஒரு சாஸேஜ் வைத்தால் அது ஒரு ஹாட் டாக். கொடுத்த நேரத்துக்குள் யார் அதிகம் தின்கிறார்களோ அவருக்குக் கடுகு நிறத்தில் ஒரு பெல்ட் கிடைக்கும். முன்பு 12 நிமிடம் கொடுத்தார்கள். 2008 முதல் 10 நிமிடம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும்போது இந்த 2 நிமிடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1916-இல் தொடங்கிய போட்டி என்கிறார்களே?

கட்டுக்கதை. நான்கு குடியேறிகள் தங்களில் யாருக்கு நாட்டுப்பற்று அதிகம் என்று தின்று தீர்த்துக்கொண்டார்களாம். விளம்பரத்துக்காக நாங்கள் கட்டிவிட்ட கதை அது என்று மோர்ட்டிமர் மாட்ஸ் என்ற விளம்பர ஆலோசகர் 2010-இல் ஒப்புக்கொண்டார். பதிவில் இருக்கும் முதல் போட்டி 1972-இல் நடந்தது.

76 ஹாட் டாக் என்றால் எவ்வளவு?

2021-இல் ஜோயி செஸ்ட்நட் வைத்த சாதனை அது. பன்னோடு சேர்த்து ஒன்று ஏறக்குறைய 100 கிராம் என்று வைத்தால் 7.6 கிலோ வருகிறது. ஒன்றுக்கு 280 முதல் 300 கலோரி என்றால் மொத்தம் 21,000-க்கு மேல். சாதாரணமாக ஒருவர் ஒன்பது பத்து நாள் சாப்பிடும் அளவு. ஒரு ஹாட் டாக்குக்கு அவர் எடுத்துக்கொண்டது சராசரியாக 7.9 விநாடி. ஒரு வாழைப்பழத்தை 7.9 விநாடியில் உரித்துத் தின்று பாருங்கள், அந்த வேகம் புரியும்.

2001-இல் என்னதான் நடந்தது?

இந்தப் போட்டியின் வரலாற்றையே 2001-க்கு முன், 2001-க்குப் பின் என்று பிரிக்கலாம். அதற்கு முந்தைய சாதனை 25⅛. 25-ஐ 26 ஆக்கவே ஆட்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு சுமார் 59 கிலோ எடையுள்ள ஜப்பானிய இளைஞர் டகேரு கோபயாஷி 50 தின்றார். ஒரே பாய்ச்சலில் இரு மடங்கு. அச்சடித்து வைத்திருந்த எண் அட்டைகள் தீர்ந்துபோய், காகிதத்தில் கையால் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று.

மற்றவர்கள் செய்ததைக் கவனித்தால் அவர் செய்தது விளங்கும். அவர்கள் வழக்கம்போல் பன்னோடு சேர்த்துக் கடித்து, மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினார்கள், அதையே வேகமாகச் செய்தார்கள். கோபயாஷி சாஸேஜைத் தனியே உருவி இரண்டாக ஒடித்தார். இரண்டு துண்டையும் ஒன்றாக வாய்க்குள் தள்ளினார். பன்னை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, பிழிந்து, உருண்டையாக உள்ளே போட்டார். இதில் மூன்று லாபம். நனைந்த பன்னை மெல்ல வேண்டியதில்லை. உமிழ்நீர் ஊறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிழிந்துவிடுவதால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி இடமும் மிச்சம். நடுநடுவே உடம்பை நெளித்துக் குலுக்குவார். உள்ளே போனது கீழே இறங்குவதற்காக.

ஒருவர் எல்லையை உடைத்தால் மற்றவர்களும் உடைத்துவிடுகிறார்களே, அது மனசுதானே?

பாதிதான். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் இங்கிலாந்து ஓட்டக்காரர் ரோஜர் பேனிஸ்டர். அதுவரை யாரும் 4 நிமிடத்துக்குள் ஓடாத ஒரு மைல் தூரத்தை 1954 மே 6 அன்று 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். 46 நாளில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி 3:57.9-இல் ஓடி அதையும் தாண்டினார். மனத்தடை உடைந்ததும் கால்கள் பறந்தன என்று மேடைப் பேச்சாளர்கள் இதை விரும்பிச் சொல்வார்கள். ஆனால் லாண்டி அதற்கு முன்பே 4 நிமிடத்துக்கு மிக அருகில் பலமுறை ஓடியவர்.

ஹாட் டாக் விஷயத்திலும் வெறும் நம்பிக்கை போதவில்லை, உத்தியும் பயிற்சியும் கைமாற வேண்டியிருந்தது. செஸ்ட்நட் 2005-இல் 32 தின்றார், 2006-இல் 52, 2007-இல் 66 தின்று கோபயாஷியை (63) வீழ்த்தினார். 50 சாத்தியம் என்று தெரிந்திருந்தும் அவருக்கு ஆண்டுகள் பிடித்தன.

ஜெயிப்பவர்கள் பலரும் ஒல்லியாக இருப்பது எப்படி?

வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு இருந்தால் இரைப்பை விரிய இடமிருக்காது என்று ஓர் ஊகம் உண்டு. அதைவிட உறுதியான சான்று 2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கதிரியக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு. தேர்ந்த போட்டியாளர் ஒருவரையும், நன்றாகச் சாப்பிடக்கூடிய சாதாரண ஆள் ஒருவரையும் ஹாட் டாக் தின்னவைத்து, எக்ஸ்ரே வழியாக இரைப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சாதாரண ஆள் 7-இல் நிறுத்திவிட்டார், இன்னும் ஒரு வாய் வைத்தால் வாந்தி வரும் என்று. போட்டியாளர் 10 நிமிடத்தில் 36 தின்றார். அவர் நிறுத்தவில்லை, மருத்துவர்கள்தான் போதும் என்று தடுத்தார்கள். அவருடைய இரைப்பை மற்றவர்களைவிட வேகமாக உணவைக் குடலுக்குத் தள்ளும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். அது தள்ளவே இல்லை. சுருங்கி விரியும் அசைவு ஏறக்குறைய நின்றுபோய், மேல்வயிறு முழுக்க அடைத்த தளர்ந்த பையாக விரிந்துகொண்டே போனது. அத்தனைக்குப் பிறகும் அவருக்கு வயிறு நிறைந்த உணர்வு இல்லை.

சாதாரண இரைப்பை 1 முதல் 1.5 லிட்டரில் ‘போதும்’ என்று நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் சொல்லும். போட்டியாளர்கள் பல ஆண்டு பயிற்சியில் மழுங்கடிப்பது அந்தத் தகவலைத்தான். மழுங்கியது திரும்பாமலே போகலாம். இரைப்பை நிரந்தரமாகச் செயலிழக்கலாம், நாள்பட்ட குமட்டலும் வாந்தியும் வரலாம் என்று அதே ஆய்வு எச்சரித்தது. தனக்குப் பசியே தெரிவதில்லை என்று கோபயாஷி 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

அப்படியானால் எல்லையே கிடையாதா?

உண்டு. ஜேம்ஸ் ஸ்மோலிகா என்ற உடலியல் ஆய்வாளர் 39 ஆண்டுப் போட்டி முடிவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, மனிதனால் 10 நிமிடத்தில் அதிகபட்சம் சுமார் 83 தின்ன முடியும் என்று 2020-இல் எழுதினார். 2024 செப்டம்பர் 2 அன்று லாஸ் வேகஸில் செஸ்ட்நட்டும் கோபயாஷியும் நேருக்கு நேர் மோதினார்கள். பன்னைத் தண்ணீரில் முக்கக் கூடாது என்று விதி. கோபயாஷி 66. செஸ்ட்நட் மிகச்சரியாக 83.

அது தனிப் போட்டி என்பதால் கோனி ஐலண்ட் சாதனை இன்னும் 76-தான். அதே 2024 ஜூலையில் செஸ்ட்நட்டுக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை. சைவ சாஸேஜ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டதுதான் காரணம். 2025-இல் திரும்பி வந்து 70½ தின்று 17-ஆவது முறையாக வென்றார். பெண்கள் பிரிவில் சாதனை மிக்கி சுடோவின் 51 (2024).

வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பாயசத்துக்கு இடம் இருக்கிறதே?

ஜப்பானியர்கள் இதை ‘பெட்சுபாரா’ என்பார்கள், தனி வயிறு என்று பொருள். ஆங்கில உளவியல் நூல்கள் நீட்டி முழக்கி ஒரு பெயர் வைத்திருக்கின்றன. தமிழில் ‘திகட்டல்’ என்ற ஒரே சொல் போதும். திகட்டுவது வயிறு நிறைவதால் அல்ல, ஒரே சுவை திரும்பத் திரும்ப வருவதால். சுவை மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. பார்பரா ரோல்ஸ் குழு 1981-இல் வெளியிட்ட சோதனையில், நான்கு விதமான சாண்ட்விச் கொடுத்தபோது ஒரே விதம் கொடுத்தபோதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் உள்ளே போனது. கல்யாணப் பந்தியில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று மாற்றி மாற்றி ஊற்றும்போது நாம் அளவு தப்புவதும் இதனால்தான்.

போட்டியாளருக்கு இதுதான் பெரிய எதிரி. 40-ஆவது ஹாட் டாக்கும் முதல் ஹாட் டாக்கின் அதே உப்பு, அதே கொழுப்பு. அதனால் பலர் பன்னை முக்கும் தண்ணீரில் எலுமிச்சை போன்ற சுவையைக் கலந்துகொள்கிறார்கள்.

சாப்பிட்டது மறந்துபோனால் மறுபடி சாப்பிடுவோமா?

சாப்பிடுவோம். பால் ரோசினும் சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட சோதனை இது. மூளைப் பாதிப்பால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத இரண்டு நோயாளிகளுக்கு மதிய உணவு கொடுத்தார்கள். தட்டை எடுத்துவிட்டு, 10 முதல் 30 நிமிடம் கழித்து ‘இதோ மதிய உணவு’ என்று மறுபடி வைத்தார்கள். முழுதாகச் சாப்பிட்டார்கள். மூன்றாவது முறை வைத்தபோதும் பெரும்பாலும் சாப்பிடத் தொடங்கினார்கள். நினைவாற்றல் கெடாத மற்ற நோயாளிகள் இரண்டாவதையே வேண்டாம் என்றார்கள். ‘இப்போதுதானே சாப்பிட்டேன்’ என்ற நினைப்பு பசியைக் கட்டுப்படுத்துவதில் முக்கியப் பங்கு வகிக்கிறது.

பக்கத்தில் ஆள் இருந்தால் வேகம் கூடுமா?

பலருக்குக் கூடும், எல்லோருக்கும் அல்ல. நார்மன் டிரிப்லெட் என்ற உளவியலாளர் 1898-இலேயே இதைப் பார்த்தார். தனியாக ஓட்டுவதைவிடப் போட்டியில் சைக்கிள் வீரர்கள் வேகமாகப் போவதைக் கண்டு, 40 குழந்தைகளைத் தூண்டில் சக்கரம் சுற்றவைத்தார். ஜோடியாகச் சுற்றியபோது 20 பேருக்கு வேகம் கூடியது, 10 பேருக்கு மாறவில்லை, 10 பேர் பதற்றத்தில் மெதுவானார்கள். இந்தக் கடைசி 10 பேரை மேற்கோள் காட்டுபவர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

பெரிய தட்டில் போட்டால் அதிகம் சாப்பிடுவோம் என்று படித்தேனே?

எங்கே படித்தீர்கள் என்று பாருங்கள். இந்த வகைச் செய்திகளில் பல, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் ஆய்வுகளிலிருந்து பரவியவை. புள்ளிவிவரக் குளறுபடிகள் வெளிவந்து அவருடைய பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2018-இல் பதவி விலகலை அறிவித்தார். தட்டின் அளவை நம்பி உணவுக் கட்டுப்பாடு தொடங்க வேண்டாம்.

விழுங்காமல் வாயில் வைத்தாலே பலன் தரும் உணவு உண்டா?

இரண்டு உண்டு, இரண்டுமே விளையாட்டு வீரர்கள் பயன்படுத்துபவை.

முதலாவது மாவுச்சத்துக் கரைசல். கார்ட்டர், யூகென்ட்ரப், ஜோன்ஸ் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் ஒரு மணி நேரச் சைக்கிள் ஓட்டத்தின்போது வீரர்கள் 6.4 சதவீத மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) கரைசலை 5 விநாடி கொப்பளித்துத் துப்பினார்கள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. ஆனாலும் நேரம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்தது. அதே குழு குளுக்கோஸை நேரடியாக ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தது, பலனில்லை. ‘எரிபொருள் வருகிறது’ என்று வாய் சொன்னதை மூளை நம்பிவிட்டது. வீட்டில் முயல்வதானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 64 கிராம் பொடி. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய். கலோரியில்லாச் செயற்கை இனிப்பு இந்த வேலையைச் செய்யாது. அரை மணி நேர நடைக்கு இதெல்லாம் வீண்.

இரண்டாவது ஊறுகாய்த் தண்ணீர். நம்ம ஊர் ஆவக்காய் எண்ணெய் அல்ல, வெள்ளரிக்காயை வினிகரும் உப்பும் போட்டு ஊறவைத்த நீர். கெவின் மில்லரின் 2010 ஆய்வில் தசைப்பிடிப்பு வந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லி கொடுத்தபோது, தண்ணீர் குடித்ததைவிட 37 சதவீதம் சீக்கிரம் விட்டது, சராசரியாகச் சுமார் 85 விநாடியில். உப்பு ரத்தத்தில் சேர அந்த நேரம் போதாது. தொண்டையில் வினிகர் உறைப்பதே தசை நரம்பை அமைதிப்படுத்துகிறது என்பது அவர்களின் விளக்கம். இந்த நீரைக் குடிக்கத்தான் செய்தார்கள் என்றாலும், வேலை நடந்தது தொண்டையோடு சரி.

நேரம் முடியும்போது வாயில் இருப்பது கணக்கில் சேருமா?

மணி அடிப்பதற்குள் வாய்க்குள் போய்விட்டால் சேரும், ஆனால் கன்னத்தில் அதக்கி வைத்ததைக் குறித்த சில விநாடிகளுக்குள் விழுங்கியாக வேண்டும். வாந்தி எடுத்தால் தகுதி நீக்கம்; ‘அதிர்ஷ்டம் திரும்பிவிட்டது’ என்று நாகரிகமாக அறிவிப்பார்கள். சமநிலை வந்தால் கூடுதல் சுற்று. 2008-இல் செஸ்ட்நட்டும் கோபயாஷியும் 59-இல் நின்றபோது, இன்னும் 5 ஹாட் டாக்கை முதலில் முடித்தவருக்கு வெற்றி என்று வைத்தார்கள். செஸ்ட்நட் முந்தினார்.

பரோட்டா, இட்லிப் போட்டிகளும் இதே மாதிரிதானே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான். ஆனால் ஆபத்து இங்கே அதிகம். சாஸேஜ் வழுக்கிக்கொண்டு போகும். நனைந்த பன் கரைந்துவிடும். பரோட்டாவை அவசரமாக மென்றால் மைதா மறுபடி பிசைந்த மாவாக உருண்டு தொண்டையில் நிற்கும். இட்லி மெத்தென்று இருப்பதால் ஆபத்தில்லாதது போலத் தோன்றும், உண்மை நேர்மாறானது. சட்னி சாம்பார் இல்லாமல் இரண்டு மூன்றை அமுக்கினால் வாயில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி, பசைபோல் ஒட்டி, தொண்டையின் வடிவத்துக்கே அடைத்துக்கொள்ளும். இருமிக்கூட வெளியே தள்ள முடியாது. 2024 செப்டம்பரில், ஓணம் நேரத்தில், பாலக்காடு மாவட்டம் வாளையாறு பகுதியில் நடந்த இட்லிப் போட்டியில் ஒருவர் இப்படித்தான் இறந்தார். ஜப்பானில் 2002-இல் தொலைக்காட்சியைப் பார்த்துப் பள்ளியில் போட்டி போட்ட சிறுவன் ரொட்டி அடைத்து இறந்தபின், அங்கே இத்தகைய நிகழ்ச்சிகள் சில காலம் நிறுத்தப்பட்டன.

பொங்கல் விழாவில் ஒரு போட்டி வைக்க வேண்டும், என்ன செய்யலாம்?

வேகப் போட்டியை விட்டுவிட்டு வேறு போட்டி வையுங்கள் என்பதே எங்கள் முதல் பதில். வைத்தே தீருவீர்கள் என்றால்: 18 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்காதீர்கள், குடித்துவிட்டு வருபவர்களை மேடை ஏற்றாதீர்கள். இட்லி, அவித்த முட்டை, லட்டு, பரோட்டா வேண்டாம். தர்பூசணித் துண்டு நல்ல தேர்வு, விதையில்லாமல். நேரம் 3 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. உட்கார்ந்து சாப்பிடட்டும், நின்றுகொண்டோ நடந்துகொண்டோ அல்ல. இரண்டு பேருக்கு ஒரு ஆள் எதிரே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தட்டை எண்ணும் ஆள் வேறு. ஒலிபெருக்கியில் ‘இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு’ என்று உசுப்பேற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சிரிக்கும்போதும் பதில் சொல்லும்போதும்தான் புரை ஏறும்.

அடைத்துக்கொண்டால்?

இருமினால், பேச்சு வந்தால், காற்று போகிறது என்று பொருள். நன்றாக இருமச் சொல்லுங்கள், தலையில் தட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். குரலே வரவில்லை, கை தொண்டைக்குப் போகிறது, முகம் கறுக்கிறது என்றால் நேரமில்லை. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் அவரை முன்பக்கம் குனியவைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, மறு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஓங்கி 5 முறை தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து, மறு கையால் பிடித்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை இழுங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணி என்றால், அல்லது வயிற்றைச் சுற்றிக் கை எட்டவில்லை என்றால், வயிற்றுக்குப் பதில் நெஞ்சின் நடுவே. மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

வயிற்றை விரிக்கத் தண்ணீர் குடித்துப் பழகலாமா?

கூடாது. சிறுநீரகம் மணிக்கு 1 லிட்டருக்குள்தான் வெளியேற்றும். அதற்கு மேல் மடமடவென்று ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து மூளை வீங்கும். முதலில் தலைவலி, வாந்தி, பிறகு வலிப்பு. 2007 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில், ஒரு வானொலி நிலையம் நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட 28 வயதுப் பெண் அன்றே இறந்தார். அவர் வயிறு வெடிக்கவில்லை. ‘தலை வலிக்கிறது’ என்றுதான் சொன்னார்.

உலோகத்தைத் தின்ற ஆள் உண்மையா?

உண்மை. பிரான்ஸின் மிஷேல் லோட்டிட்டோ. ஒரு செஸ்னா 150 விமானத்தை 1978 முதல் 1980 வரை துண்டு துண்டாகத் தின்று முடித்தார். எண்ணெயும் தண்ணீரும் நிறையக் குடித்துக்கொண்டே விழுங்குவார். வாழைப்பழமும் அவித்த முட்டையும்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

மனிதனைவிட வேகமாகத் தின்னும் விலங்கோடு போட்டி நடந்ததுண்டா?

2003-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோபயாஷியைக் கோடியாக் கரடி ஒன்றோடு உட்காரவைத்தார்கள். பன் கிடையாது, சாஸேஜ் மட்டும், ஆளுக்கு 50. கரடி 2 நிமிடம் 36 விநாடியில் முடித்துவிட்டது. அப்போது கோபயாஷி 31-இல் இருந்தார்.